தலைகீழாக மாட்டிய முக்கோணம்

மாஸ்டருக்கு வலது கால் ஓர் இடத்தில் நிற்காது. காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் போதும், அது தானாக நீண்டு, கீழே விரித்திருக்கும் கால்மிதியை அமுக்கும். அங்கே பிரேக் ஒன்றும் கிடையாது. ஊரில் அவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தபோது அவர் பக்கம் தனியாக ஒரு பிரேக் இருந்தது. வருஷக்கணக்காக அதை மிதித்தே பிழைத்த கால். வெளிநாட்டுக்கு வந்த பிறகும் அதற்கு விஷயம் புரியவில்லை. பெண்டாட்டி ஓட்டும் காரில் உட்கார்ந்து மிதித்து மிதித்து, அவர் குதிகால் படுகிற இடம் மட்டும் தேய்ந்து, அடியில் தகரம் தெரிய ஆரம்பித்திருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, மாஸ்டர் பெரிய ஆள்தான். ஊரில் ஸ்டியரிங் பிடித்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். ஊரில் நசுங்கிய பம்பர்களிலும் பாதி அவர்களுடையது. இந்த இரண்டு பாதிக்கும் நடுவே ஏதாவது சம்பந்தம் இருக்குமோ என்று யாரும் அவர் முகத்துக்கு நேராகக் கேட்டதில்லை. மரியாதை தெரிந்த ஜனங்கள்.

ஸ்கூல் என்பது ஒரே ஓர் அறை. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சுவரில் சாலைக் குறியீடுகளின் படம் ஒன்று. வட்டம், முக்கோணம், அம்பு என்று அதில் வரிசையாக இருக்கும். ஜன்னல் வெயில் பட்டுப் பட்டுச் சிவப்பெல்லாம் வெளிறி, ரோஸ் கலராகி, கடைசியில் எல்லாப் பலகையும் ஒரே ஜாடைக்கு வந்துவிட்டன. புதிதாகச் சேர்ந்தவர்கள் யாராவது, "மாஸ்டர், இதெல்லாம் என்ன?" என்று கேட்டால், "அது பரீட்சைக்கு. ரோடு வேற," என்பார். சரி, ரோடு என்றால் என்ன? "முன்னாடி போறவனைப் பாரு. ஹாரனை அடி. மத்ததை நான் பார்த்துக்கறேன்." அவ்வளவுதான், பாடம் முடிந்தது.

அவரை மட்டும் சொல்லியும் குற்றமில்லை. அந்த ஊர் ரோட்டில் ஒரு பலகை இருந்தால் அதன்மேல் டியூஷன் விளம்பரம் ஒட்டியிருக்கும். இன்னொன்றைக் கொடி மூடியிருக்கும். வேறொன்றை லாரி இடித்து வானத்தைப் பார்க்க வைத்திருக்கும். படிக்க வேண்டும் என்று நினைத்தாலும் படிக்க முடியாது. அவர் நினைக்கவும் இல்லை, அது வேறு விஷயம்.

இன்னொரு விசேஷமும் அவரிடம் உண்டு. "தெரியாது" என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை. வழி தெரியாதவன் யாராவது அவரிடம் வந்து வழி கேட்டுவிட்டால் அவன் பாடு திண்டாட்டம்தான். கையை நீட்டி, "நேரா போய் இடது பக்கம் திரும்பு," என்று சொல்லி அனுப்பிவிடுவார். எந்த இடத்தைக் கேட்டாலும் நேரா போய் இடது பக்கம்தான். கேட்டவன் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை. போய்ச் சேர்ந்தானோ இல்லையோ, யார் கண்டது.

இப்படிப்பட்டவரிடம் கார் ஓட்டப் படிக்க வந்த பெண்தான் பிறகு அவர் பெண்டாட்டியானாள். மருந்துக்கடை வேலை கிடைத்து வெளிநாட்டுக்கு முதலில் போனவளும் அவள்தான். அங்கே லைசென்ஸ் எடுக்கப் போனபோது, கிளம்பிய உடனேயே ஹாரன் அடித்தாள் என்று இறக்கிவிட்டார்கள். மறுபடி போனாள், ரோடு சும்மாதானே கிடக்கிறது என்று நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போனாள், மறுபடி இறக்கிவிட்டார்கள். பிறகு உட்கார்ந்து, ஒவ்வொரு பலகையாகப் படித்து, ஒரு வழியாகப் பாஸ் பண்ணினாள்.

"ஓட்டக் கத்துக்க ஆன நாளைவிட உங்ககிட்ட கத்துக்கிட்டதை மறக்க ஆன நாள் அதிகம்," என்று பிறகு போனில் சொன்னாள். மாஸ்டர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். அவ்வளவு ஆழமாகக் கற்றுக்கொடுத்திருக்கிறோமே!

பிறகு மாஸ்டரும் ஸ்கூலைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவளோடு போய்ச் சேர்ந்தார். ஊர் லைசென்ஸை வைத்துக்கொண்டு அங்கே கொஞ்ச காலம் ஓட்டலாம் என்று சட்டம் இருந்தது. சட்டம் போட்டவர்கள் மாஸ்டரைப் பார்த்ததில்லை. பெண்டாட்டி பார்த்திருக்கிறாள். அதனால் சாவியை அவள் தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள். மாஸ்டருக்குப் பக்கத்து சீட்டும் கால்மிதியும்.

இதற்கிடையில் அவள் மாசமானாள். நாள் நெருங்க நெருங்க ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே இடம் போதாமல் போயிற்று. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சாதாரணமாக ஒரு விஷயம் சொன்னாள்.

"வலி வந்தா மேல் வீட்டு அக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காங்க. எந்த நேரமானாலும் கதவைத் தட்டலாமாம்."

மாஸ்டர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். மேல் வீட்டு அக்கா நம் பாஷைக்காரிதான், ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். அந்த நீளமான வேனை அவள் ஒரே வீச்சில் பின்னால் எடுத்து, இரண்டு கார்களுக்கு நடுவே சொருகி நிறுத்துவதை மாஸ்டர் தினமும் ஜன்னல் வழியாகப் பார்ப்பார். "பரவாயில்லை, சுமாராத்தான் ஓட்டறா," என்று திரைச்சீலையிடம் சொல்லிக்கொள்வார்.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றார்.

"நீங்க என்கூடப் பின் சீட்டுல இருங்க. கையைப் பிடிச்சுக்க ஆள் வேணும்ல?"

"ஊரே என்கிட்ட படிச்சுது. என் பொண்டாட்டியைப் பிள்ளைப் பேறுக்கு இன்னொருத்தி ஓட்டிட்டுப் போவா, நான் பின்னாடி உட்கார்ந்து கையைப் பிடிச்சுக்கணுமா?"

அவள் கோபம் வந்தால் மட்டும் அவரைப் பழையபடி கூப்பிடுவாள். "மாஸ்டர், போன வாரம் முனையில தலைகீழா ஒரு முக்கோணம் இருந்துச்சே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"அதுவா... பார்த்துப் போன்னு."

"எதைப் பார்த்து?"

"எல்லாத்தையும்தான்."

அவள் எழுந்துபோய் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் படித்த பலகைப் புத்தகம். "அடுத்த வாரம் அம்மா வராங்க. என்னால அவ்வளவு தூரம் ஓட்ட முடியாது. நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க. ஒரு சிக்கலும் இல்லாம அம்மாவைக் கொண்டாந்து சேர்த்துட்டீங்கன்னா, அக்காகிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன். என்னையும் நீங்களே கூட்டிட்டுப் போங்க. ஆனா இதைப் படிச்சிட்டுப் போங்க."

மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தினார். புத்தகத்தை அவர் நன்றாகவே பயன்படுத்தினார். சமையலறை மேசை ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஆடவில்லை.

அந்த நாள் வந்தது. விமான நிலையத்துக்குப் போகும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. தெருமுனையில் விமான நிலைய பஸ் ஒன்று கிளம்புவதைப் பார்த்து, அதன் வாலைப் பிடித்துக்கொண்டே போய்விட்டார். முன்னாடி போறவனைப் பாரு என்று சும்மாவா சொல்லிக்கொடுத்தார்? பஸ் திரும்பினால் திரும்பினார். பஸ் நின்றால் நின்றார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் ஆள் ஏற்றியது. மாஸ்டரும் பின்னால் நின்று, ஆள் ஏறும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். ஒரு நிறுத்தத்தில் ஒரு கிழவர் இவர் கார்க் கதவையும் திறக்கப் பார்த்தார்.

மாமியார் ஒரு பெட்டி, ஒரு பை, கையில் ஒரு தகர டப்பாவோடு வந்து இறங்கினாள். அவள் தையல்காரி. பேரப்பிள்ளைக்குக் குட்டிக் குட்டிச் சட்டைகளாகத் தைத்துக் கொண்டுவந்திருந்தாள். பொத்தான் மட்டும் இன்னும் வைக்கவில்லை. பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று பார்த்துக்கொண்டு கலர் போடலாம் என்று டப்பா நிறையப் பொத்தான். ஆள் எடை பார்ப்பதுபோல் மாப்பிள்ளையை மேலும் கீழும் அளந்தாள்.

"என்ன மாப்பிள்ளை, நீங்களா ஓட்டறீங்க? பாப்பா உங்ககிட்ட வண்டியைக் குடுத்துட்டாளா?"

"என்ன அத்தை இப்படிக் கேட்டுட்டீங்க! நான் மாஸ்டர்."

"அதான் கேட்டேன்," என்றாள் மாமியார்.

திரும்பும்போது பிடித்துக்கொள்ள வால் கிடைக்கவில்லை. அந்த பஸ் போய்விட்டது. போன்தான் வழி சொல்லிற்று. வழி சொல்வதோடு அது நிறுத்திக்கொள்ளும். பலகைக்கு அர்த்தம் சொல்லாது. அது மாஸ்டரின் பொறுப்பு. ஏனென்றால் மாமியார் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு, வருகிற பலகை ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"அது என்ன மாப்பிள்ளை, மஞ்சளா, பட்டம் மாதிரி?"

வெள்ளைக் கரை போட்ட மஞ்சள் சாய்சதுரம் அது. எழுத்தும் இல்லை, படமும் இல்லை. "அது... மஞ்சள்னா ஜாக்கிரதை அத்தை. மெதுவா போகணும்," என்று சொல்லி பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்தவனும் பதறிப்போய் மிதித்தான். உண்மையில் அந்த மஞ்சள் பலகைக்கு, நீ தாராளமாகப் போ, குறுக்கே வருகிறவர்கள்தான் உனக்கு வழி விடவேண்டும் என்று அர்த்தம். ராஜாவைப் போகச் சொல்லிப் பலகை வைத்திருக்கிறான், ராஜா ஒவ்வொரு பலகையிலும் நின்று கும்பிடு போட்டுக்கொண்டு போனார். பின்னால் வந்தவன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஹாரன் அடித்தான். அந்த நாட்டுக்கு வந்து மாஸ்டர் கேட்ட முதல் ஹாரன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, ஊர் ஞாபகம்.

"இது என்ன, தலைகீழா இருக்கு?"

சிவப்புக் கரை போட்ட வெள்ளை முக்கோணம். முனை கீழே பார்த்துக்கொண்டு நின்றது. பெண்டாட்டி கேட்ட அதே பலகை. மாஸ்டர் சிரித்தார். "வேலைக்காரங்க அத்தை. எந்த ஊரா இருந்தா என்ன, கூலிக்கு மாட்டறவன் இப்படித்தான். தலைகீழா மாட்டிட்டுப் போயிட்டான்."

"பாவம், பார்க்கறதுக்கு ஆள் இல்லை போல."

வழி விட்டு நில் என்று சொல்லும் அந்தப் பலகையைத் தாண்டி மாஸ்டர் அப்படியே பெரிய ரோட்டில் ஏறினார். பக்கத்திலிருந்து வந்த ஒரு பால் வண்டி கிறீச்சென்று நின்றது. மாஸ்டரும் மிதித்தார். டப்பா மாமியார் மடியிலிருந்து எகிறி, மூடி ஒரு பக்கம் போக, பொத்தான்கள் எல்லாம் காருக்குள் மழை மாதிரி கொட்டின. மாமியார் சீட்டைப் பிடித்த பிடியை விடவில்லை.

கொஞ்ச தூரம் போனபின் இன்னொரு முக்கோணம், அதுவும் தலைகீழாக. அதற்கப்புறம் இன்னொன்று.

"எல்லா இடத்துலயும் தலைகீழாவே மாட்டியிருக்கானே மாப்பிள்ளை?"

"ஒரே ஆள்தான் எல்லாத்தையும் மாட்டியிருப்பான் அத்தை."

மாமியார் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். சட்டைக்குத் துணி போதும் போதும் என்று சொல்லிவிட்டு ஒரு கையை மட்டும் வெட்டாமல் விட்ட பழகுநர் தையல்காரனைப் பார்க்கிற பார்வை.

ரோடு காட்டுக்கு நடுவே போக ஆரம்பித்தது. பாய்கிற மான் படம் போட்ட ஒரு முக்கோணம் வந்தது. இது நேராகவே இருந்தது. மாஸ்டருக்கு மனசு லேசாயிற்று. படம் இருந்தால் என்ன கஷ்டம்?

"பக்கத்துல மிருகக்காட்சி சாலை இருக்கு அத்தை."

"அப்படியா? எனக்கு மான்னா ரொம்பப் பிடிக்கும். ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிடலாமா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "இன்னிக்கு லீவு அத்தை."

"மானுக்கு ஏது லீவு?"

அவள் சொல்லி வாய் மூடவில்லை. மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு மான் ரோட்டுக்கு வந்தது. அவசரமே இல்லாமல் நடு ரோட்டில் நின்று காரைப் பார்த்தது. மாஸ்டர் மிதித்த மிதியில் மிச்சமிருந்த பொத்தான்களும் முன்னால் வந்து சேர்ந்தன. மான் காதை ஆட்டிவிட்டு அந்தப் பக்கம் இறங்கிப் போயிற்று.

மாமியார் மெதுவாகச் சொன்னாள்: "லீவுன்னு வெளியே விட்டுட்டாங்க போல இருக்கு."

மான் வரும், பார்த்து ஓட்டு என்றுதான் பலகை சொல்லியிருக்கிறது என்று மாஸ்டருக்கு இப்போது புரிந்தது. மானைப் பற்றிச் சொன்னது உண்மை என்றால், தலைகீழ் முக்கோணமும் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். மஞ்சள் பட்டமும். காரை ஓரமாக நிறுத்தி, "அத்தை, எனக்கு இந்தப் பலகை ஒண்ணும் தெரியாது, பாப்பாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கலாம்," என்று சொல்லியிருக்கலாம். வீடு இன்னும் கொஞ்ச தூரம்தான். ஒரு சிக்கலும் இல்லாமல் போய்ச் சேர்ந்தால் சாவி அவருக்கு. போன் போட்டால் அதோடு சரி. ஆகவே அவர் போன் போடவில்லை. கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

நகரத்துக்குள் வந்தாயிற்று. நேரான வழியில் ஏதோ பள்ளம் தோண்டிப்போட்டு, வண்டிகளைச் சுற்றிவிட்டிருந்தார்கள். போன் குழம்பிப்போய் வட்டமடிக்கச் சொன்னது. எதிரே ஒரு தெரு, அதன் தலைப்பில் ஒரு பலகை. வெள்ளை வட்டம், சுற்றிலும் சிவப்புக் கரை. உள்ளே படம் இல்லை, எழுத்து இல்லை, கோடுகூட இல்லை.

மாஸ்டருக்கு முகம் மலர்ந்தது. அவருக்குப் புரிந்த முதல் பலகை! சிவப்பு வட்டத்துக்குள் எதைப் போட்டிருக்கிறானோ அது போகக்கூடாது. இதுகூடவா தெரியாது அவருக்கு? லாரி போட்டிருந்தால் லாரி கூடாது. சைக்கிள் போட்டிருந்தால் சைக்கிள் கூடாது. ஒன்றுமே போடவில்லை என்றால்?

"ஒண்ணும் போடலை அத்தை. ஒரு தடையும் இல்லாத ரோடு," என்று சொல்லி உள்ளே விட்டார்.

அருமையான ரோடுதான். வழுவழுவென்று கல் பாவியிருந்தது. இரண்டு பக்கமும் கடைகள். எதிரே ஒரு காரும் இல்லை, பின்னாலும் இல்லை. ஜனங்கள்தான் இருந்தார்கள். தள்ளுவண்டியில் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, நடு ரோட்டில் நின்று கதை பேசிக்கொண்டு. மாஸ்டர் ஹாரன் அடித்தார். எல்லாரும் விலகி நின்று வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஊரில்கூட அவருக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

"மாப்பிள்ளை, கடைக்குள்ள ஏதும் வந்துட்டோமா?" என்று கேட்டாள் மாமியார். சந்தேகம் நியாயமானதுதான். அவள் பக்கத்து ஜன்னலை ஒட்டி ஒரு மேசை; மேசையில் ஒருவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவர் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கார் போக வழி விட்டார். இன்னும் கொஞ்சம் போனதும் முன்னால் நீரூற்று, இந்தப் பக்கம் பூக்கடை, அந்தப் பக்கம் நாற்காலிகள். பின்னால் கூட்டம். கார் நின்றுவிட்டது.

ஒரு பெண் போலீஸ் நிதானமாக நடந்து வந்து கண்ணாடியைத் தட்டினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் மாஸ்டர் திருப்பிக் கத்தியிருப்பார். கத்திச் சமாளித்துப் பழக்கம். அவளோ குழந்தையிடம் கேட்பதுபோல், சின்னச் சின்ன வார்த்தையாக, தெருமுனையைக் காட்டிக் கேட்டாள்: அங்கே ஒரு பலகை இருந்ததே, அதற்கு என்ன அர்த்தம்?

மாஸ்டர் வாயைத் திறந்தார். "நேரா போய் இடது பக்கம்" என்பதுதான் முதலில் நாக்கில் வந்து நின்றது. திரும்பி மாமியாரைப் பார்த்தார். அவள் சேலை மடிப்பிலிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். சின்ன விரல் நகம் அளவுக்கு இருந்தன பொத்தான்கள். அந்த அளவுச் சட்டைக்கு அந்த அளவுப் பொத்தான்தான் வைக்க முடியும். மாஸ்டர் போலீஸ்காரி பக்கம் திரும்பினார்.

"தெரியாது," என்றார் அந்த ஊர் பாஷையில். அந்த பாஷையில் அந்த வார்த்தையை அவர் அதற்கு முன் சொன்னதே இல்லை. நம் பாஷையிலும் இல்லை என்பதுதான் தெரியுமே.

ஒன்றும் போடாத சிவப்பு வட்டம் என்றால் ஒரு வண்டியும் போகக்கூடாது என்று அர்த்தமாம். எதையாவது ஒன்றைத் தடுத்தால்தான் படம் வேண்டும். எல்லாவற்றையும் தடுத்தால் எதற்குப் படம்? போலீஸ்காரி விளக்கிவிட்டு, இன்றைக்கு இனி நீங்கள் ஓட்ட வேண்டாம், இந்தக் காரை வெளியே எடுக்க வேறு யாராவது வருவார்களா என்று கேட்டாள்.

வேறு யார்? பெண்டாட்டிக்குப் போன் போட்டார். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. "அம்மாவுக்கு அடி படலையே?" என்று மட்டும் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் மேல் வீட்டு அக்கா வந்து சேர்ந்தாள். "நகருங்க தம்பி," என்றாள். நகர்ந்தார். நீரூற்றையும் பூவையும் நாற்காலியையும் தொடாமல், தெரு முழுக்கப் பின்னாலேயே எடுத்து, அந்த வட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினாள். காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து கை தட்டினார். பின் சீட்டில் மாஸ்டரின் கால் சும்மா இருந்தது. மிதிக்கத் தோன்றவில்லை.

வீட்டில் பெண்டாட்டி சாவியை வாங்கிச் சர்க்கரை டப்பாவுக்குள் போட்டு மூடினாள். மாமியார் குளித்து, சாப்பிட்டு, கால் நீட்டி உட்கார்ந்த பிறகு சொன்னாள்.

"சும்மா சொல்லக்கூடாது பாப்பா, மாப்பிள்ளை என்னை ரொம்ப நல்லாக் கவனிச்சார். லீவு நாள்லகூட மானைக் கொண்டாந்து காட்டினார்."

மாஸ்டர் எழுந்து சமையலறைக்குப் போனார். குனிந்து மேசைக் காலுக்கு அடியிலிருந்து புத்தகத்தை உருவினார். மேசை மறுபடி ஆட ஆரம்பித்தது.

அதன் பிறகு அவர் தினமும் நடையாக நடந்தார். ஒவ்வொரு கம்பத்துக்கும் கீழே நின்று, தலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, புத்தகத்தைப் புரட்டுவார். சாயங்காலம் மாமியார் புத்தகத்தைப் பிடுங்கிக்கொள்வாள். அவளுக்கு அந்த எழுத்துத் தெரியாது, அதனால் படத்தை மட்டும் காட்டுவாள். மாஸ்டர் அர்த்தம் சொல்ல வேண்டும். சரியா தப்பா என்று பெண்டாட்டி சோபாவில் படுத்தபடியே குரல் கொடுப்பாள்.

"இது?"

"முன்னாடி ரோடு குறுகலாகுது."

"ஏய் பாப்பா, சரியா?"

"சரிம்மா."

"இது?"

"இது... தெரியலை அத்தை."

"அப்பாடா," என்பாள் மாமியார். "எத்தனை தடவை கேட்டாலும் அலுக்கலை. இன்னொரு தரம் சொல்லுங்க மாப்பிள்ளை." அந்தத் 'தெரியலை' ஆரம்பத்தில் தொண்டையில் மீன்முள் மாதிரி மாட்டிற்று. பிறகு பழகிவிட்டது. ஒரு தடவை மேல் வீட்டு அக்காவைப் படிக்கட்டில் பார்த்து, ஒரு பலகையைக் காட்டி, இது என்ன என்று தானாகவே கேட்டார். அவள் சொன்னாள். அவளும் சிரிக்கவில்லை, வானமும் இடிந்து விழவில்லை. சாவி மட்டும் சர்க்கரைக்குள்ளேயே கிடந்தது.

வலி வந்தது ஒரு மத்தியானத்தில். பள்ளிக்கூடம் விட்டு அக்கா வேன் நிறையப் பிள்ளைகளோடு ஊருக்கு அந்தக் கோடியில் இருந்தாள். போனில், "ஒவ்வொருத்தரா இறக்கிவிட்டுட்டுத்தான் வர முடியும், டாக்சிக்குச் சொல்லவா?" என்றாள். டாக்சிக்காரன் கொஞ்ச நேரம் ஆகும் என்றான். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று வயிற்றுக்குள் இருந்த பிள்ளைக்குத் தெரியவில்லை.

பெண்டாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாஸ்டர் அவளைப் பார்த்தார், சர்க்கரை டப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று வைராக்கியம்.

"ஏங்க," என்றாள். "தெரியாத பலகை வந்தா என்ன பண்ணுவீங்க?"

"உன்னைக் கேட்பேன்."

"எனக்குப் பேச முடியலைன்னா?"

"நிறுத்திட்டு யாரையாவது கேட்பேன்."

அவள் டப்பாவைத் திறந்து கையை விட்டாள். சாவி வந்தது, கொஞ்சம் சர்க்கரையும் வந்தது.

மாமியார் முன் சீட்டில் ஏறினாள். பெண்டாட்டி பின்னால் சாய்ந்துகொண்டாள். மாஸ்டர் ஹாரனைத் தொடவில்லை. தலைகீழ் முக்கோணம் வந்தது. நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஒரு ஈ காக்கை இல்லை. ஆனாலும் இன்னொரு முறை பார்த்தார்.

"போங்க மாப்பிள்ளை, பிள்ளை இங்கயே பிறந்துடும்!"

போனார். மாமியார் கால் என்ன செய்கிறது என்று அப்போதுதான் கவனித்தார். வலது கால் நீண்டு, கால்மிதியில் தேய்ந்துபோன அந்த இடத்தை, மாஸ்டர் மிதித்த மாதிரியே விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தது. "அங்க பிரேக் இல்லை அத்தை," என்றார்.

"தெரியும். உங்களுக்கு அங்க இருந்துச்சா?"

மஞ்சள் பட்டம் வந்தது. எல்லாம் படித்திருந்தார்தான், ஆனாலும் பழைய கால், பிரேக்குக்கு ஓடிவிட்டது. கார் தயங்கிற்று. பின் சீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பாதி வலி, பாதி கோபம்.

"மாஸ்டர்! எதுக்கு நிக்கறீங்க? உங்களுக்குத்தான் முதல் வழி! எல்லாரும் உங்களுக்கு ஒதுங்கி நிக்கணும்! போங்க!"

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாஸ்டர் போனார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பலகை. நீலத்தில் ஒரு வெள்ளைக் கட்டில், பக்கத்தில் ஓர் அம்பு, அம்புக்குக் குறுக்கே ஒரு கோடு. புத்தகத்தில் இல்லவே இல்லை. மாஸ்டர் காரை நிறுத்தினார். திரும்பிப் பார்த்தார்.

"இது எனக்குத் தெரியலை."

பெண்டாட்டி தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்தாள். ஒரு வலி வந்து போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு, "எனக்கும் தெரியலை," என்றாள்.

மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லாப் படிச்சீங்க ரெண்டு பேரும்."

மாஸ்டர் கண்ணாடியை இறக்கி, வாசல் காவலாளியைக் கூப்பிட்டு, பலகையைக் காட்டி, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வழிப்போக்கனைப் போல, மெதுவாக, மரியாதையாகக் கேட்டார். காவலாளி பலகையைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"நேத்துதான் மாட்டினாங்க. எனக்கும் தெரியாது," என்றார். பின் சீட்டைப் பார்த்ததும் வாசல் கதவை விரியத் திறந்துவிட்டார். "நீங்க உள்ள போங்க. நேரா போய் இடது பக்கம்."